முற்றத்துப் பாசியும் ராத்திரி மாத்திரையும்: வாசகர் கேள்வி பதில்

வீட்டில் பெரியவர்கள் விழுந்திருந்தால் எழுதுங்கள் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தேன், கடிதமும் வாட்ஸ்அப்புமாகக் குவிந்துவிட்டது. பாதிக் கடிதங்கள் "வயசாயிட்டா விழத்தானே செய்வாங்க" என்றே ஆரம்பிக்கின்றன. 65 வயது தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வருஷத்துக்கு ஒருமுறையாவது விழுகிறார் என்பது உண்மைதான். ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கம் வீடு வீடாகப் போய் பிசியோதெரபி பார்க்கிற எனக்கு, காரணமே இல்லாமல் விழுந்த ஒரு பெரியவரைக்கூட இதுவரை தெரியாது. எங்கே, எத்தனை மணிக்கு, என்ன செய்யப் போகும்போது என்று கேட்டால் காரணம் தானாக வெளியே வரும். யாரும் கேட்பதில்லை, தைலம் தேய்க்கத்தான் ஓடுகிறோம்.

அக்கா, என் மாமியாருக்கு 74 வயது. இந்த ஆனி மாதத்தில் மட்டும் இரண்டு முறை வழுக்கி விழுந்துவிட்டார், ஒருமுறை முற்றத்தில், ஒருமுறை பாத்ரூமில். வழுக்காத டைல்ஸ் போட்டுவிடலாம் என்கிறார் கணவர். எது நல்லது?
– வாசகி, மார்த்தாண்டம்

டைல்ஸுக்கு அப்புறம் வருகிறேன், முதலில் முற்றம். நம் மாவட்டத்துக்கு மழை இரண்டு தடவை, இடவப்பாதியில் தொடங்குகிற தென்மேற்கு ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் வருகிற வடகிழக்கு ஒன்று. போதாததற்கு வீட்டைச் சுற்றி ரப்பரும் பலாவும் நிற்பதால் தரையில் வெயில் படுவதே அபூர்வம், சிமெண்ட் முற்றம் சீக்கிரமே பச்சை பிடித்துவிடும். மழை கொட்டும்போது யாரும் விழுவதில்லை, அப்போது வெளியே இறங்குவதே இல்லையே. மழை விட்டதும் கொடியில் கிடக்கும் துணியை எடுக்கவும் விழுந்த தேங்காயைப் பொறுக்கவும் அவசரமாக இறங்குவார்கள் பாருங்கள், அப்போதுதான். காய்ந்து கறுத்துக் கிடக்கிற பழைய பாசி ஒரு சின்னத் தூறலில் எண்ணெய் பூசினதுபோல ஆகிவிடும், பார்த்தால் தெரியவும் தெரியாது.

முற்றம் முழுக்கத் தேய்க்க வேண்டாம், அது நடக்கிற காரியமும் இல்லை. மாமியார் தினமும் எந்த வழியில் நடக்கிறார் என்று இரண்டு நாள் பாருங்கள். புறவாசலிலிருந்து துணி அலக்குகிற கல் வரைக்கும், அங்கிருந்து கிணற்றடி, கோழிக்கூடு, அவ்வளவுதான் இருக்கும். அந்த இரண்டடி அகலப் பாதையில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, பதினைந்து நிமிஷம் விட்டு, கட்டைத் துடைப்பத்தால் தேய்த்து, நன்றாகக் கழுவிவிடுங்கள். மழைக்காலத்தில் இதை அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும். ஒரு எச்சரிக்கை, பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டை அதோடு சேர்த்துவிடாதீர்கள், கிளம்புகிற குளோரின் வாயு நெஞ்சை அடைத்துவிடும். கொத்தனாரைக் கூப்பிடுகிற எண்ணம் இருந்தால் அந்தப் பாதைக்கு மட்டும் புதுசாக சிமெண்ட் போட்டு, ஈரம் காய்வதற்குள் துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்துவிடச் சொல்லுங்கள். டைல்ஸைவிடச் செலவு குறைவு, காலுக்குப் பிடிப்பும் கிடைக்கும்.

பாத்ரூமுக்கு வருவோம். அவர் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர்தானே? நம் ஊரில் தேங்காயெண்ணெய் தேய்க்காத பாட்டியை நான் பார்த்ததில்லை. எண்ணெயை அடுக்களையிலோ திண்ணையிலோ வைத்து உள்ளங்கால்வரை தேய்த்துவிட்டு, அதே காலோடு பாத்ரூமுக்கு நடந்து போகிறார்கள், எந்த ஊர் டைல்ஸாக இருந்தாலும் அது வழுக்கும். உள்ளே ஒரு உறுதியான ஸ்டூல் போட்டு, அங்கேயே உட்கார்ந்து தேய்த்து, உட்கார்ந்தபடியே குளிக்கட்டும். பிடித்து எழுந்திருக்கச் சுவரில் ஒரு ஸ்டீல் கம்பி வேண்டும், தரையிலிருந்து சுமார் 3 அடி உயரத்தில், கழிப்பறை பக்கத்தில் ஒன்று, குளிக்கிற இடத்தில் ஒன்று. துண்டு போடுகிற கம்பியையும் குழாயையும் பிடித்து எழுந்து, அது கையோடு வந்து விழுந்தவர்கள் நிறைய. இவை ஆள் எடை தாங்கச் செய்ததல்ல. கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள், முதலில் சம்மதிக்க மாட்டார், வாசலில் ஒரு திரை போட்டுக் கொடுத்தால் சம்மதிப்பார்.

இதெல்லாம் முடிந்த பிறகும் கையில் காசு மிச்சமிருந்தால் டைல்ஸ் வாங்குங்கள், பளபளப்பு இல்லாத சொரசொரப்பான ரகமாகப் பார்த்து. கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாமல் ஒரு துண்டில் தண்ணீர் ஊற்றி வெறுங்காலை வைத்துப் பாருங்கள்.

எனக்கு 69 வயது. பகலில் நான் நன்றாகத்தான் நடமாடுகிறேன். இரவு ஒன்றுக்குப் போக எழும்போது இரண்டு முறை தலை சுற்றிக் கட்டிலருகே விழுந்திருக்கிறேன். பிரஷருக்கும் புராஸ்டேட்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். தூக்கம் வராத நாளில் ஒரு தூக்க மாத்திரை. இது நரம்புத் தளர்ச்சியா?
– வாசகர், தக்கலை

ஐயா, விடையை நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். படுத்திருக்கிறவர் சட்டென்று எழுந்து நின்றால் இரத்தம் காலுக்கு இறங்கும், இளம் வயதில் உடம்பு அதை ஒரு நொடியில் சரிக்கட்டிவிடும், வயதானால் சுணங்கும். அதற்கு மேலே பிரஷர் மாத்திரை அழுத்தத்தைக் குறைக்கிறது. டாம்சுலோசின், பிரசோசின் மாதிரி புராஸ்டேட்டுக்குக் கொடுக்கிற மாத்திரைகளும் இரத்தக் குழாயைத் தளர்த்தும். தூக்க மாத்திரை காலின் நிதானத்தைக் கெடுக்கும். மூன்றும் ஒன்றாகச் சேர்கிற நேரம் ராத்திரி இரண்டு மணி.

பிரஷர் பார்க்கப் போகும்போது எல்லா இடத்திலும் உட்காரவைத்துத்தான் பார்ப்பார்கள். நீங்கள் கேளுங்கள், ஐந்து நிமிஷம் படுக்கவைத்து ஒருமுறை, எழுந்து நின்று ஒரு நிமிஷத்திலும் மூன்று நிமிஷத்திலும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் காரணம் அங்கேதான் இருக்கிறது. எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சாப்பிடுகிற அத்தனையையும், மெடிக்கலில் கேட்டு வாங்குகிற சளி மாத்திரை, அலர்ஜி மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் டாக்டர் மேசையில் கொட்டுங்கள். எதைக் குறைக்கலாம், எதன் நேரத்தை மாற்றலாம் என்று அவர் சொல்வார். நீர் பிரிய மாத்திரை இருந்தால் அதைக் காலையில் போடலாமா என்று கேளுங்கள். தினமும் தூக்க மாத்திரை போட்டுப் பழகிவிட்டிருந்தால் திடீரென்று விடவும் கூடாது, படிப்படியாகத்தான்.

இன்று ராத்திரியே செய்யக்கூடியது: விழிப்பு வந்ததும் எழுந்து கட்டில் ஓரத்தில் உட்காருங்கள், பாதத்தை மேலும் கீழுமாக இருபது தடவை ஆட்டுங்கள், ஒரு நிமிஷம் ஆகட்டும், பிறகு கட்டிலைப் பிடித்து நின்று, தலை சுற்றவில்லை என்றால் நடங்கள். கட்டிலருகே கை எட்டும் இடத்தில் டார்ச் அல்லது ஒரு சின்ன லைட். பாத்ரூம் வெளியே இருக்கிற பழைய வீடானால் கட்டிலடியில் யூரின் பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

ஊருக்கெல்லாம் சொல்கிற என் வீட்டிலேயே என் அப்பா இப்படித்தான் விழுந்தார். ஃபேன் காற்று நன்றாகப் படட்டும் என்று அவருடைய கட்டிலை நானே அந்தப் பக்கம் இழுத்துப் போட்டிருந்தேன். இருபது வருஷப் பழக்கத்தில் அவர் இருட்டில் இடது பக்கம் இறங்க, அங்கே இருந்தது அலமாரி. அன்றிலிருந்து பெரியவர்கள் புழங்குகிற அறையில் ஒரு நாற்காலியைக்கூடச் சொல்லாமல் நகர்த்துவதில்லை.

நான் துபாயில் இருக்கிறேன். கருங்கல் பக்கம் வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார், வயது 72. விழுந்ததை என்னிடம் மறைத்துவிட்டார், சித்தி சொல்லித்தான் தெரிந்தது. இப்போது வேலைக்கு ஒரு அக்காவை வைத்து, "நீங்க நாற்காலியை விட்டு எழும்பவே கூடாது" என்று சொல்லிவிட்டேன். இது போதுமா?
– வாசகர்

தம்பி, கோபித்துக்கொள்ளாதே, நீ செய்ததில் ஆள் வைத்தது நல்லது, நாற்காலி விஷயம்தான் தப்பு. ஒருமுறை விழுந்தவருக்குப் பயம் வரும், பயத்தில் நடப்பதைக் குறைப்பார், நடக்காமல் தொடைத் தசை கரையும், கரைந்த காலோடு ஒருநாள் எழுந்தால் மறுபடியும் விழுவார். நீ அந்தப் பயத்துக்கு உத்தரவே போட்டுக் கொடுத்திருக்கிறாய். ஆறு மாதம் நாற்காலியில் பத்திரமாக வைத்துப் பார்த்துக்கொண்ட அம்மாவை அப்புறம் எழுப்பி நிறுத்த நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும்.

அம்மா ஏன் மறைத்தார் என்று யோசித்தாயா? சொன்னால் வீட்டைப் பூட்டிவிட்டு நாகர்கோவிலில் அக்கா ஃபிளாட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், கோழியை விற்றுவிடுவார்கள், கோயிலுக்கோ சர்ச்சுக்கோ தனியாகப் போக விடமாட்டார்கள் என்று பயந்திருப்பார். "விழுந்தீங்களா" என்று கேட்டால் எந்த அம்மாவும் இல்லை என்றுதான் சொல்வார். "எங்கேயாவது கால் தட்டிச்சா, எதையாவது பிடிச்சு நின்னீங்களா" என்று கேட்டுப் பார், கதை வரும்.

அடுத்த வீடியோ காலில் ஒரு வேலை செய். கை வைக்காத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, வேலைக்கார அக்காவைப் பக்கத்தில் நிற்கச் சொல். அம்மா இரண்டு கையையும் நெஞ்சில் குறுக்காக வைத்துக்கொண்டு 30 நொடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்காருகிறார் என்று எண்ணு. 70-லிருந்து 74 வயதுப் பெண்ணுக்கு 10-க்குக் குறைந்தால் காலில் பலம் போதவில்லை. கையை ஊன்றாமல் எழுந்திருக்கவே முடியவில்லை என்றால் கணக்கு பூஜ்யம், அதுவும் ஒரு தகவல்தான்.

அப்புறம் பயிற்சி. அடுக்களை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, மேடையோரமாகப் பக்கவாட்டில் நடப்பது, ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதத்தை ஒட்டிவைத்துப் பத்து நொடி நிற்பது, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. சாயா கொதிக்கிற நேரத்தில் முடிந்துவிடும், ஆனால் வாரத்தில் பெரும்பாலான நாள் செய்ய வேண்டும், மூன்று மாதத்தில் நிறுத்திவிடவும் கூடாது. 2019-ல் 108 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், இப்படி உடற்பயிற்சி செய்கிறவர்கள் விழுகிற எண்ணிக்கை ஏறக்குறைய கால்பங்கு குறைந்திருந்தது. இவ்வளவு குறைக்கிற மாத்திரை எதுவும் எனக்குத் தெரிந்து கிடையாது. யாராவது வந்து சொல்லித்தர வேண்டுமென்றால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி பார்ப்பவர் வீட்டுக்கே வருவார், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சித்தியை விட்டு விசாரிக்கச் சொல்.

இன்னொன்று, நீ லீவில் வரும்போது கொண்டுவந்து ஹாலில் விரித்த கம்பளம் இன்னும் அங்கே கிடக்கிறதா? சுருட்டி பரண் மேலே போடச் சொல்லிவிடு.

என் தாத்தா விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். வர்ம வைத்தியம் பார்க்கிற ஆசானைக் கூட்டிவந்து எண்ணெய்க் கட்டு போட்டோம். பத்து நாள் ஆகியும் கால் ஊன்ற முடியவில்லை. ஆசுபத்திரிக்குப் போனால் ஆபரேஷன் என்பார்கள் என்று பெரியப்பா தடுக்கிறார்.
– வாசகி, குலசேகரம்

இதைப் படிக்கிற இந்த நிமிஷமே 108-க்குப் போன் பண்ணு மக்களே. பத்து நாளாகக் கால் ஊன்ற முடியவில்லை என்றால் இடுப்பு மூட்டில் எலும்பு ஒடிந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அந்தக் கால் மற்றதைவிடக் கொஞ்சம் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடக்கிறதா என்று பார், இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

வர்ம ஆசான்மாரை நான் குறைத்துப் பேச மாட்டேன், நம் மாவட்டத்தின் சொத்து அது, என் சின்ன வயதில் சுளுக்குக்கு நானே போயிருக்கிறேன். ஆனால் தொடை எலும்பின் கழுத்து ஒடிந்தால் அது மூட்டுக்குள் ஒடிகிறது, வெளியே போடுகிற கட்டு அங்கே எட்டாது, தடவத் தடவ விலகத்தான் செய்யும். அந்த இடத்துக்கு இரத்தம் போகிற குழாய்களும் சேர்ந்து கெட்டுப்போவதால் தானாகக் கூடுவதும் கஷ்டம். நல்ல ஆசான் கையை வைத்ததுமே "இது என் வேலை இல்லை, படம் எடுத்துப் பாருங்க" என்று சொல்லிவிடுவார், அப்படிச் சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும்.

பெரியப்பாவிடம் இதைச் சொல்: ஆபரேஷன் கூடுமானவரை இரண்டு நாளுக்குள் நடந்தால் நல்லது, பெரும்பாலும் மறுநாளே பிடித்து நிற்க வைப்பார்கள். படுக்கையில் கிடந்தால் படுக்கைப் புண், நெஞ்சுச் சளி, காலில் இரத்தக் கட்டி என்று ஒவ்வொன்றாக வரும், ஆளைக் கொண்டுபோவது பெரும்பாலும் இவைதான். பத்து நாள் தாமதமானதற்காக இனிப் போய் என்ன பயன் என்று இருந்துவிடாதீர்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போகலாம், காப்பீட்டு அட்டையைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

கடலில் நாற்பது வருஷம் ஆடுகிற வள்ளத்தில் நின்றவன் நான். இப்போது முழங்கால் வலி என்று கம்பு பிடிக்கச் சொல்கிறார்கள். கம்பு பிடித்தால் கிழவன் என்றுதானே அர்த்தம்?
– வாசகர், குளச்சல்

அண்ணாச்சி, வள்ளத்தில் துடுப்பைப் பிடித்தபோது யாரும் உங்களைக் கிழவன் என்று சொல்லவில்லையே. எந்தக் கால் வலிக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள், எல்லாரும் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள். செருப்புப் போட்டு நின்று கையைத் தொங்கவிட்டால் கம்பின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வரவேண்டும். அடியில் இருக்கிற ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள், ரப்பர் விளைகிற ஜில்லாவில் இருந்துகொண்டு மொட்டைக் கம்போடு நடக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். சாரம் (லுங்கி) தரையில் இழுபடாமல் மடித்துக் கட்டுங்கள்.

விழாமல் இருக்க வைட்டமின் டி பாக்கெட் வாரம் ஒன்று சாப்பிடச் சொல்லிப் பக்கத்து வீட்டில் கொடுத்தார்கள். சாப்பிடலாமா?
– வாசகி, இரணியல்

அந்த 60,000 யூனிட் பாக்கெட் குறைபாடு இருக்கிறவருக்கு, டாக்டர் சொன்ன கணக்குக்கு மட்டும். 2010-ல் ஆஸ்திரேலியாவில் 70 தாண்டிய இரண்டாயிரத்துச் சொச்சம் பெண்களில் பாதிப் பேருக்கு வருஷத்துக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள், அவர்கள்தான் மற்றவர்களைவிட அதிகமாக விழுந்தார்கள், எலும்பும் அதிகமாக ஒடிந்தது. பக்கத்து வீட்டில் மீன் குழம்பு வாங்குங்கள், மருந்து வாங்காதீர்கள்.

அப்பாவுக்குப் புதுக் கண்ணாடி மாற்றியதிலிருந்து படியில் தடுமாறுகிறார்.
– வாசகர், திருவட்டாறு

மேலே தூரத்துக்கு, கீழே படிப்பதற்கு என்று இரண்டு பவர் உள்ள கண்ணாடியாக இருக்கும். கீழ்ப் பாதி கையிலிருக்கிற பேப்பரைப் பார்க்கச் செய்தது, படியைப் பார்த்தால் மங்கும். நடக்கும்போது போட தூரப் பார்வைக்கு மட்டும் தனியாக ஒன்று வாங்கிக் கொடுங்கள். படியின் விளிம்பில், முக்கியமாக முதல் படியிலும் கடைசிப் படியிலும், இரண்டு விரல் அகலத்துக்கு மஞ்சள் பெயிண்ட் அடியுங்கள். கண்புரை இருக்கிறதா என்றும் பாருங்கள். 2005-ல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில், 70 தாண்டிய பெண்களுக்கு ஒரு கண்ணில் புரை ஆபரேஷனைச் சீக்கிரம் செய்ததிலேயே விழுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

அம்மா மூன்று வாரம் முன்னால் விழுந்து தலையில் லேசாக இடித்துக்கொண்டார். அன்று ஒன்றும் இல்லை. இப்போது பேச்சில் தடுமாற்றம், எப்போதும் தூக்கம். வயதானதால் வரும் மறதியா? இருதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார்.
– வாசகி, தோவாளை

மறதி என்று விட்டுவிடாதீர்கள், இன்றே போய் தலையை ஸ்கேன் எடுங்கள். இருதயத்துக்கு என்று கொடுக்கிற ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் எல்லாம் இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுப்பவை, அவற்றைச் சாப்பிடுகிறவர் தலையில் இடித்தால் மண்டைக்குள் இரத்தம் மெல்ல மெல்லக் கசிந்து சில வாரம் கழித்துக்கூட வேலையைக் காட்டும். கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது. விழுந்த தேதியையும் மாத்திரைப் பெயரையும் போனதும் முதலில் சொல்லுங்கள்.

எனக்கு 78 வயது. தனியாக இருக்கிறேன். விழுவதைவிட விழுந்தபின் எழமுடியாமல் கிடப்பதை நினைத்தால்தான் பயம்.
– வாசகி, அருமனை

அம்மா, இந்தப் பயம் சரியான பயம். மணிக்கணக்கில் தரையில் கிடந்தால் அழுந்துகிற தசை சிதைந்து சிறுநீரகம்வரை கெடும்.

விழுந்ததும் உடனே எழ வேண்டாம். மூச்சு விட்டு, கை கால் அசைகிறதா, எங்கே வலி என்று பாருங்கள். இடுப்போ தொடையோ தாங்க முடியாமல் வலித்தால் அசையாமல் கூப்பிடுங்கள். வலி இல்லையென்றால் ஒருக்களித்துத் திரும்புங்கள், முழங்கையை ஊன்றி, பிறகு இரண்டு கை இரண்டு முழங்காலில் குழந்தை மாதிரி தவழ்ந்து கட்டிலோ கனமான நாற்காலியோ இருக்கிற இடத்துக்குப் போங்கள். அதில் இரண்டு கையையும் வைத்து, பலமுள்ள காலின் பாதத்தை முன்னால் ஊன்றி, உந்தி எழுந்து, திரும்பி உட்காருங்கள். உட்கார்ந்தபடி கொஞ்ச நேரம் இருங்கள். மகளோ பேரனோ வந்திருக்கும்போது பாயில் படுத்து இதை நாலைந்து தடவை பழகிவிடுங்கள், சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

போனை மேசையில் வைத்தால் தரையில் கிடக்கும்போது எட்டாது, சின்னத் துணிப்பையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிடுங்கள், பாத்ரூமுக்கும் சேர்த்துத்தான். என்னிடம் பயிற்சிக்கு வருகிற ஒரு பாட்டி பக்கத்து வீட்டோடு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார். ராத்திரி வாசல் லைட்டைப் போட்டுவிட்டுப் படுப்பார், காலை எழுந்ததும் அணைப்பார். ஏழு மணிக்கும் லைட் எரிந்தால் அந்த வீட்டிலிருந்து யாராவது வந்து கதவைத் தட்ட வேண்டும், மாற்றுச் சாவியும் அவர்களிடம் இருக்கிறது. இதுவரை இரண்டு தடவை வந்து தட்டியிருக்கிறார்கள், இரண்டு தடவையும் பாட்டி லைட்டை அணைக்க மறந்துவிட்டு கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாராம்.